உரக் கம்பெனி ஊரும் 1973 சந்தோஷ் கோப்பையும்

ஏலூர்த் தமிழர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூன்று செய்திகளோடு நிறுத்திக்கொள்வர். கம்பெனியில் வேலை கிடைத்தது, குவார்ட்டர்ஸ் கிடைத்தது, சங்கம் தொடங்கியது. இம்மூன்றும் முக்கியமே. ஆனால் நான்காவதாக ஒன்று உண்டு. அதைப் பற்றி நம் மலர்களில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. அது பந்துகளி, அதாவது கால்பந்து. கல்வெட்டு, சமணப் பள்ளி, பெரும்பாவூர்ப் பக்கத்துக் கல்லில் குடைவரைக் கோயில் என்று எழுதிக்கொண்டிருக்கும் ஆள் பந்தாட்டத்துக்கு ஏன் வந்தான் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். வரலாறு என்பது பாறையில் வெட்டியது மட்டும்தானா? கோப்பையில் வெட்டியதும் வரலாறுதானே. பாத்திர வியாபாரியான எனக்குக் கோப்பையில் பெயர் வெட்டித் தருவதும் தொழிலில் சேர்ந்ததே.

1973 டிசம்பர் 27. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் கேரள அணி ரயில்வே அணியை 3-2 என்ற கணக்கில் வென்று சந்தோஷ் கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியது. மூன்று கோலையும் அடித்தவர் அணித்தலைவர் டி.கே.எஸ். மணி. அவர் நம் ஏலூர் ஃபாக்ட் அணியின் ஆட்டக்காரர். பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ், தமிழ்நாட்டுக்காரர். இந்த இரண்டு செய்தியும் போதும், இக்கட்டுரை நம் மலரில் இடம்பெற. எனினும் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது.

முதலில் கோப்பையின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சந்தோஷ் என்றால் மகிழ்ச்சி என்றே நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அது ஓர் ஊர்ப் பெயர். இன்றைய வங்காளதேசத்தில் தாங்கைல் பக்கத்தில் இருந்த சந்தோஷ் ஜமீனின் மன்மதநாத் ராய் சௌத்ரி நினைவாக ஏற்பட்டது. 1941-இல் போட்டி தொடங்கியது. மாநில அணிகளோடு ரயில்வே, ராணுவம் போன்ற பெரிய நிறுவனங்களின் அணிகளும் இதில் மோதும். ஐ.எஸ்.எல். எல்லாம் வருவதற்கு முந்தைய காலத்தில் இந்தியாவில் ஓர் ஆட்டக்காரன் தன் மாநிலத்துக்காக ஆடிப் பெறக்கூடிய மிகப் பெரிய கௌரவம் இதுதான். கேரளம் மாநிலமாக உருவானது 1956-இல். கோப்பை வந்தது 1973-இல். இடையில் 17 ஆண்டுகள். பந்தென்றால் உயிரை விடும் ஒரு நாட்டுக்கு இத்தனை காலம் ஏன் ஆயிற்று? எனது பதில் சுருக்கமானது. ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு ஊரில் சோறு இல்லை.

திருவல்லா பாப்பன் என்று பெயர் பெற்ற டி.எம். வர்கீஸ் 1948 லண்டன் ஒலிம்பிக்கிற்குப் போன இந்திய அணியில் இருந்தார். கோழிக்கோட்டு டி. அப்துல் ரஹ்மான் 1956 மெல்போர்ன் அணியில் ஆடினார், ஆனால் அவர் புகழ் பெற்றது கல்கத்தாவில். கோல் காவலர் எஸ்.எஸ். நாராயணன் பாலக்காட்டு ஒற்றப்பாலத்தில் பிறந்தவர், ஆடியது பம்பாயில். இரிஞ்ஞாலக்குடை ஓ. சந்திரசேகரனும் அப்படியே. மலையாளிகள் பந்தோடு வண்டி ஏறிப் போனார்கள், நாம் பெட்டி படுக்கையோடு வண்டி ஏறி இங்கே வந்தோம். பிழைப்புக்காக ஊரை விடுவது தமிழனுக்கு மட்டும் விதித்ததல்ல என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம்.

இந்த ஓட்டத்தைத் தடுத்து நிறுத்தியவை கம்பெனிகளே. அதில் முதல் வரிசையில் வருவது ஃபாக்ட். அதன் பிறப்பே ஒரு தமிழ்க் கதைதான். 1943-இல் திருவிதாங்கூர் திவானாக இருந்த சர் சி.பி. ராமசாமி ஐயரின் ஊக்கத்தால், திருச்சி சேஷசாயி சகோதரர்கள் பெரியாற்றங்கரையில் ஏலூரில் உரத் தொழிற்சாலையை எழுப்பினர். வங்காளத்தில் பஞ்சம் லட்சக்கணக்கில் மக்களை வாரிக்கொண்டு போன ஆண்டு அது. நிலக்கரி இங்கே ஏது? மலைக்காட்டு விறகை எரித்து வாயு எடுத்து, அதிலிருந்து அமோனியா செய்தார்கள். விறகிலிருந்து உரம்! 1947-இல் உற்பத்தி தொடங்கியது. ஆண்டுக்கு 50,000 டன் அமோனியம் சல்ஃபேட் செய்யும் திறன். பள்ளிவாசல் நீர்மின்சாரம் கிடைத்ததால் அலுமினியம், ரசாயனம், அருமண் என்று அடுத்தடுத்த தொழிற்சாலைகளும் பக்கத்திலேயே வந்தன. ஊருக்கு உத்யோகமண்டல் என்றே ஒரு புதுப்பெயர் ஏற்பட்டது. திருச்சி, தஞ்சை, கோவை, நெல்லைப் பக்கத்திலிருந்து நம்மவர்கள் வந்து இறங்கியது இந்தக் காலத்தில்தான். பின்னர் கம்பெனி அரசாங்கத்தின் கைக்கு வந்தது.

1959-இல் நிர்வாகத் தலைவராக வந்தார் எம்.கே.கே. நாயர், ஐ.ஏ.எஸ். அதற்கு முன் பிலாய் எஃகு ஆலையில் இருந்தவர். 1971 வரை இங்கே இருந்தார். அவரது தன்வரலாறு ‘ஆரோடும் பரிபவமில்லாதெ’ மலையாளத்தில் பலரும் படித்த நூல். யாரிடமும் மனத்தாங்கல் இல்லை என்பது அதன் பொருள். உரக் கம்பெனிக்குக் கதகளிப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர் வைத்தார். கலாமண்டலம் ஹைதரலி என்ற ஒப்பற்ற பாடகர் அந்தப் பள்ளியில்தான் கற்பித்தார். அதே மனத்தோடுதான் கால்பந்து அணியையும் வளர்த்தார். ஆட்டக்காரனுக்குக் கம்பெனியில் ஒரு வேலை, மாதச் சம்பளம், பி.எஃப்., ஆஸ்பத்திரி வசதி. காலையில் சிறிது நேரம் ஆபீஸ், மற்ற நேரம் மைதானம். வெளியூர் ஆட்டம் என்றால் ஆன் டியூட்டி. கால் ஓய்ந்த பிறகும் வேலை ஓயாது, அறுபதை ஒட்டி ரிடையர் ஆகும் வரை. இதுதான் ஏற்பாடு.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், களமசேரியில் பிரீமியர் டயர்ஸ். அவர்களும் அதே போல் ஓர் அணி வைத்தார்கள். திருவனந்தபுரத்தில் டைட்டானியம், மின்சார வாரியம். கம்பெனிக்குக் கம்பெனி போட்டி. ஃபாக்டும் பிரீமியரும் மோதும் ஆட்டம் என்றால் ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஆள் தேடி அலைவார்கள் என்று மூத்த தலைமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். கோழிக்கோட்டில் சேட் நாக்ஜி போட்டி, திருச்சூரில் சாக்கோளா போட்டி என்று ஆண்டு முழுவதும் பந்து உருண்டுகொண்டே இருந்தது. இதில் நாக்ஜி போட்டியை 1952-இல் தொடங்கி வைத்தது ஒரு குஜராத்தி வணிகக் குடும்பம். மட்டாஞ்சேரியில் கிராம்பும் மிளகும் நிறுத்துக்கொண்டிருந்த சேட்டுமார் வகையினர்தான். வெளியூரிலிருந்து வந்து கடை வைத்தவன் உள்ளூர்க்காரனின் ஆசைக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுக்கிறான் என்பது எனக்குப் பிடித்த வரலாறு. அதைச் சிறியதென்று நான் கருதவில்லை.

இப்போது கேள்வி: இவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்று சொல்லலாமா? ஏட்டில் அவர்கள் குமாஸ்தா, ஹெல்பர், ஆபரேட்டர். ஒலிம்பிக் விதியின் கண்ணுக்கு அமெச்சூர். ஆனால் பந்து ஆடத் தெரியாவிட்டால் அந்த வேலை அவர்களுக்குக் கிடைத்திருக்காது. வியாபாரியின் பார்வையில், எதற்குக் கூலி கொடுக்கப்படுகிறதோ அதுதான் தொழில். ஆகவே இவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களே என்பது என் கட்சி.

இப்படி ஓர் ஏற்பாடு நம் ஊர்க் கண்டுபிடிப்பும் அல்ல. ஜெர்மனியில் பேயர் மருந்துக் கம்பெனித் தொழிலாளர்கள் 1904-இல் தொடங்கிய சங்கம்தான் இன்று பேயர் லெவர்குசன். 2023-24-இல் ஒரு ஆட்டமும் தோற்காமல் ஜெர்மன் லீக்கை வென்றது. ஹாலந்தில் பிலிப்ஸ் பல்பு கம்பெனியின் பி.எஸ்.வி. ஐண்ட்ஹோவன், 1913-இல் தொடங்கியது. எனக்கு மிகவும் வியப்பளித்தது கனடாவிலுள்ள டிரெயில் என்ற சிற்றூர். அங்கே ஐஸ் ஹாக்கி. பனித்தரையில் சறுக்குக் காலணி போட்டுக்கொண்டு ரப்பர் வில்லையை மட்டையால் தள்ளும் ஆட்டம். அந்த ஊரில் ஈயமும் துத்தநாகமும் உருக்கும் ஆலை இருக்கிறது. ஆலைப் புகையிலுள்ள கந்தகம் வயல்களைக் கருக்கியதால், அந்தக் கந்தகத்தைப் பிடித்து 1931 முதல் அமோனியம் சல்ஃபேட் உரம் செய்தார்கள். நம் ஏலூரில் செய்த அதே உரம். ஆலையில் வேலை கொடுத்து வைத்திருந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட டிரெயில் ஸ்மோக் ஈட்டர்ஸ், அதாவது புகை தின்னிகள், 1939-இலும் 1961-இலும் கனடாவுக்காக உலகப் பட்டமே வென்றது. 1961-இல் ஜெனீவாவில் கடைசி ஆட்டத்தில் சோவியத் அணியை 5-1 என்று சாய்த்தது. புகை தின்னிகள் என்ற பெயர் நமக்கும் பொருந்தும். பாதாளம் ஜங்ஷனில் காற்று திரும்பும் நாளில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெரியாற்றின் நிறம் மாறிய கதையைத் தனியே எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

மீண்டும் 1973-க்கு வருவோம். எம்.கே.கே. நாயர் போய் இரண்டாண்டு ஆகிவிட்டது. அவர் நட்ட மரம் காய்த்த பருவம் அது. அந்த ஆண்டு சந்தோஷ் கோப்பையை நடத்தும் பொறுப்பு எர்ணாகுளத்துக்கு வந்தது. அணித்தலைவர் மணியின் முழுப்பெயர் டி.கே. சுப்ரமணியன். கண்ணூர்ப் பக்கம் தளிப்பறம்பைச் சேர்ந்தவர். பெயரைப் பார்த்து அவரைத் தமிழர் என்று நம்மவர்கள் சிலர் உரிமை கொண்டாடுவதைக் கேட்டிருக்கிறேன். வேண்டாம். அவர் மலையாளி. நமக்கு உரிமை கொண்டாட சைமன் சுந்தரராஜ் இருக்கிறார். 1960 ரோம் ஒலிம்பிக்கில், பி.கே. பானர்ஜி தலைமையில், ஹைதராபாத் ரஹீம் சாகிப் பயிற்சியில் ஆடிய இந்திய அணியில் இருந்தவர் அவர். பிரான்ஸை 1-1 என்று சமன் செய்த அணி. அதன் பிறகு ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி இன்றுவரை தலைகாட்டவில்லை. அந்தப் பெருமையின் கடைசி வரிசையில் நின்ற ஒரு தமிழர்தான் கேரளத்தின் முதல் கோப்பைக்குப் பயிற்சி கொடுத்தார்.

அவர் கையில் கிடைத்தது வெவ்வேறு கம்பெனிகளில் ஒருவரை ஒருவர் தோற்கடிக்கவே பழகிய ஆட்டக்காரர்கள். ஃபாக்ட் மணி தலைவர். துணைத்தலைவர் டி.ஏ. ஜாஃபர். கொல்லத்துக்காரர் நஜிமுத்தீன் இளைஞர். கோல் காவலர்களில் ஒருவர் விக்டர் மஞ்ஞிலா. இவர்களை ஒரே சட்டைக்குள் கொண்டுவருவதுதான் வேலையில் பாதி. வடக்கே கண்ணூரிலிருந்து தெற்கே திருவனந்தபுரம் வரை ஒவ்வொரு ஊருக்கும் தன் ஆள் ஆட வேண்டும் என்ற வாதம் உண்டு. வெளியிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளருக்கு அந்த வாதத்தில் கட்சி இல்லை. வேற்று மாநிலத்தில் பிழைப்பவனுக்குள்ள ஒரே வசதி இதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நம் கடைத்தெருவில் இரு உள்ளூர்க்காரருக்குள் வழக்கென்றால் நடுவர் வேலைக்கு அண்ணாச்சியைக் கூப்பிடுவதில்லையா?

எதிரணி ரயில்வே சாமான்யமல்ல. 1961-62, 1964-65, 1966-67 என்று மூன்று முறை கோப்பை வென்றவர்கள். இந்தியா முழுவதிலிருந்தும் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்து வைத்திருந்தவர்கள். ஆக, இறுதி ஆட்டம் என்பது ஒரு விதத்தில் இரண்டு முதலாளிகளின் சம்பளப் பட்டியலுக்கு இடையே நடந்த ஆட்டம். அகில இந்திய ரயில்வேயின் பட்டியல் ஒரு பக்கம், பெரியாற்றங்கரைக் கம்பெனிகளின் பட்டியல் மறுபக்கம்.

அப்போது எனக்கு 12 வயது. அப்பாவின் கடையில் ரேடியோவைச் சுற்றி நின்ற கூட்டத்தில் மலையாளி, தமிழன், கொங்கணி என்று பிரித்தறிய முடியவில்லை. மணியின் மூன்றாவது கோலுக்கு எழுந்த சத்தத்தில் வர்ணனையே கேட்கவில்லை. யாரோ ஒருவர் அடுக்கி வைத்திருந்த எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். “தட்டு நெளிஞ்சா காசு யாரு குடுப்பா?” என்று அப்பா கத்தினார், கத்திக்கொண்டே சிரித்தார். மறுநாள் பள்ளிக்கூடம் இல்லை. முதலமைச்சர் சி. அச்சுத மேனன் அரசு விடுமுறை அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து மணி, வெறும் மணி அல்ல. ‘கேப்டன் மணி’ என்பதே பெயராகிவிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் எழுதாமல் விட்டால் அது வரலாறாகாது. இந்தத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் முப்பது வருடம் வேலை பார்த்த தமிழ்ப் பெரியவர் ஒருவர் என் கடைக்கு வருவார். பந்து என்று பேச்செடுத்தாலே அவருக்குக் கோபம். “நாங்க எட்டு மணி நேரம் கேஸ் மூக்குல ஏறி நிக்கிறோம். அவங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டு கிரவுண்டுக்குப் போறாங்க. சம்பளம் மட்டும் ஒண்ணா?” என்பார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆட்டக்காரன் விட்ட வேலையை யாரோ ஒருவர் சேர்த்துச் செய்யத்தான் வேண்டும், அந்த யாரோ பல நேரம் ஊர் விட்டு வந்த, வாய் திறக்காத நம்மாளாகத்தான் இருந்திருப்பார். அதே பெரியவர் அடுத்த மூச்சில், “ஆனா மணி அடிச்சா அடிதான்பா” என்பார்.

கணக்குப் பார்த்தால் கம்பெனிக்கு நஷ்டமில்லை. இருபது பேருடைய சம்பளம், பூட்ஸ், ரயில் சார்ஜ். பதிலுக்கு, எந்த ஊரில் ஆடினாலும் மறுநாள் பத்திரிகையில் கம்பெனி பெயர். ‘ஃபாக்டம்ஃபாஸ்’ மூட்டை விற்க இதைவிட மலிவான விளம்பரம் உண்டா? நான் கடைக்கு ஆண்டுதோறும் காலண்டர் அச்சடிக்கிறேன். அதை மாட்டுபவர் பாதிப் பேர்கூட இல்லை.

கம்பெனியின் காசில் வாழ்ந்த ஆட்டம் கம்பெனியோடுதான் வாழும் என்பதும் உண்மை. பிரீமியர் டயர்ஸ் 1995-இல் அப்போலோவின் கைக்குப் போயிற்று. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபாக்ட் நஷ்டத்தில் தள்ளாடியது. புதிய ஆளெடுப்பு குறைந்தால் விளையாட்டு வீரர் ஒதுக்கீடு எங்கிருந்து வரும்? எழுபதுகளின் பொலிவு அந்த அணிக்குத் திரும்பவில்லை. பஞ்சாபில் ஜே.சி.டி. மில் அணிக்கும் இதே கதிதான். 1996-97-இல் முதல் தேசிய லீக்கை வென்றவர்கள், 2011-இல் அணியைக் கலைத்துவிட்டார்கள்.

கேரளத்தில் இடையில் போலீஸ் அணி கைகொடுத்தது. 1990, 1991 இரண்டு ஆண்டும் ஃபெடரேஷன் கோப்பை அவர்களுக்கே. காக்கிச் சட்டையும் ஒரு சம்பளப் பட்டியல்தான். பிறகு 1997-இல் எஃப்.சி. கொச்சின் என்று முழுத் தொழில்முறைக் கழகம் பிறந்து, அந்த ஆண்டே டூரண்ட் கோப்பையை வென்று, ஐந்தே ஆண்டில் காசில்லாமல் மூடிற்று. 2014 முதல் கலூர் ஸ்டேடியத்தில் மஞ்சள் சட்டை பிளாஸ்டர்ஸ். நம் பேரப்பிள்ளைகளும் மஞ்சள் சட்டை போட்டுத்தான் திரிகிறார்கள். அதில் ஆடுபவனுக்கு இரண்டு வருட, மூன்று வருட ஒப்பந்தம், பெரிய தொகை. முழங்கால் போனால் அவனுக்குக் குவார்ட்டர்ஸும் இல்லை, பி.எஃப்.பும் இல்லை. எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் பழைய ஏற்பாட்டைச் சோம்பேறிச் சம்பளம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேரளம் இரண்டாவது முறை கோப்பையைத் தொட 18 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1991-92-இல், அதுவும் நம் கோயம்புத்தூரில், கோவாவை 3-0 என்று வென்றது. தலைவர் வி.பி. சத்யன். பயிற்சியாளர் வேறு யாருமல்ல, 1973-இன் துணைத்தலைவர் ஜாஃபர். அடுத்த ஆண்டு கொச்சியிலும் அவரே பயிற்சியாளர், அப்போதும் கோப்பை. சைமன் சுந்தரராஜிடம் கற்ற பாடத்தை ஒருவர் இருபது வருடம் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்ததாகவே நான் இதைப் பார்க்கிறேன். 2022 மஞ்சேரி வெற்றியோடு கேரளத்துக்கு ஏழு பட்டம் ஆயிற்று.

தமிழ்நாடு இந்தக் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. 2012-இல் கட்டாக்கில் இறுதி ஆட்டம் வரை வந்து ராணுவ அணியிடம் 3-2 என்று தோற்றது. அதே 3-2 தான்.

கேப்டன் மணி 2017 ஏப்ரல் 27 அன்று கொச்சியில் காலமானார், வயது 77. ஜாஃபர் 2023 டிசம்பரில் மறைந்தார். ஏலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வார்டு தோறும் நடக்கும் செவன்ஸ் போட்டிகளுக்கு இன்னும் என் கடையில்தான் கோப்பை எடுக்கிறார்கள். வெட்ட வேண்டிய பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்கள். மணியின் பெயரில் ஒரு கோப்பை வைத்தால் கேட்டு வாங்கிக்கொள்வார்கள் என்று சங்கச் செயற்குழுவில் சொல்லியிருக்கிறேன். செலவைப் பாதி நான் ஏற்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது பரிசுக்கு சைமன் சுந்தரராஜ் பெயர்.